நெற்றியில் பொட்டு இல்லையா, அப்போ எந்தச் சபை?

"உங்கள் ஊரில் நாத்திகர்களை எப்படிப் பார்க்கிறார்கள்? சினிமாவிலும் டிவியிலும் காட்டுகிற மாதிரிதானா?" என்று பெயர் போடாமல் கேட்டிருக்கிறீர்கள். பெயரை மறைத்திருப்பதால் நீங்கள் ஒரு பெண், வீட்டில் இன்னும் சொல்லவில்லை என்று நானாக முடிவு கட்டிக்கொண்டேன். தப்பு என்றால் மன்னிக்கவும். ஆணாக இருந்தால் உங்களுக்குப் பாதிச் சிக்கல்தான்.

எனக்குப் பிறந்த ஊர் சேரன்மகாதேவிப் பக்கம், இப்போது இருப்பது பாளையங்கோட்டை. வயது 49. பொட்டு வைப்பதில்லை, தாலி கிடையாது, நகையும் போடுவதில்லை. நகை விஷயம் கொள்கை இல்லை, கழுத்தில் உறுத்தும், அவ்வளவுதான்.

2014இல் மாற்றலாகி வந்து வீடு தேடினேன். கணவருக்குத் தூத்துக்குடியில் வேலை, சனி ஞாயிறுதான் வருவார். அதனால் மகளைக் கூட்டிக்கொண்டு நானே அலைந்தேன். பெருமாள்புரத்தில் ஒரு வீடு. வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருந்த அம்மா நிமிர்ந்து என் நெற்றியைப் பார்த்தார். "நாங்க வேதக்காரங்களுக்கு வீடு விடுததில்லம்மா" என்றார். வேதம் என்றால் எங்கள் பக்கம் கிறிஸ்தவர். நான் வேதம் இல்லை என்றேன். சட்டென்று அவர் முகம் மாறிவிட்டது. குரலைத் தாழ்த்தி, "சார்வாளுக்கு என்ன செஞ்சுது?" என்றார். அவர் நன்றாக இருக்கிறார், எனக்குச் சாமி நம்பிக்கை கிடையாது, அதனால் வைப்பதில்லை என்றேன். விதவை என்றால்கூட வீடு கொடுத்திருப்பார் என்று நினைக்கிறேன். "வீட்டுல கேட்டுச் சொல்லுதேன்" என்று உள்ளே போனவர்தான்.

சமாதானபுரம் பக்கம் அடுத்த வீடு. அங்கே ஸ்தோத்திரத்தோடு வரவேற்பு. "சிஎஸ்ஐயா, ஆர்சியாம்மா?" என்று எந்தச் சபை எனக் கேட்டார்கள். இரண்டும் இல்லை என்றதும் காதையும் கழுத்தையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு, "அப்போ பெந்தெகொஸ்தே. அதான் நகை போடலையாக்கும்" என்று அவர்களே முடித்துவிட்டார்கள். மெதுவாக விளக்கிச் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "சரி, உங்களுக்காக ஜெபம் பண்ணுதோம்" என்று வீட்டைக் கொடுத்துவிட்டார்கள். இன்றுவரை அங்கேதான் இருக்கிறேன். கிறிஸ்துமஸுக்கு அச்சுமுறுக்கு வரும், கூடவே ஒரு துண்டுப் பிரசுரமும் வரும். இரண்டையும் வாங்கிக்கொள்வேன்.

சினிமாவைக் கேட்டீர்கள். அங்கே நாத்திகன் என்றால் ஆம்பளை. கறுப்புச் சட்டை, தாடி. சின்ன வயதில் அம்மா செத்திருப்பாள், அந்தக் கோபத்தில் சாமி இல்லை என்பான், கடைசி ரீலில் நெற்றி நிறைய திருநீறு. இல்லையென்றால் காமெடிக்கு ஒருத்தன், பூசைக்கு வைத்த வாழைப்பழத்தைத் தின்று அடி வாங்குவதற்கு. டிவி விவாதத்தில் கத்துவதற்கு ஒருவரைக் கூப்பிடுவார்கள், அவரும் ஆண்தான். சீரியலில் பொட்டு இல்லாத பெண் வந்தால் அவள் புருஷனை இழந்தவள். (வில்லிக்குத்தான் பெரிய பொட்டு. அது ஏன் என்று எனக்கு விளங்கியதே இல்லை.) பெரியாருக்குப் பிறகு 1978இல் சாகும்வரை திராவிடர் கழகத்தை நடத்தியவர் மணியம்மையார், ஒரு பெண். 'பெரியார்' என்ற பட்டத்தைக் கொடுத்ததும் 1938இல் சென்னையில் கூடிய பெண்கள் மாநாடுதான். ஆனாலும் சாமி இல்லை என்று ஒரு பெண் சொன்னால் அதற்கு இங்கே பெயர் திமிர்.

இதை அப்பாவை வைத்தே சொல்லிவிடலாம். தபால்காரர். வருஷம் தவறாமல் டிசம்பர் 24, பெரியார் நினைவு நாளன்று கறுப்புச் சட்டை போட்டுக்கொண்டு திருநெல்வேலிக்குப் போவார். ஊரில் அவர் 'கறுப்புச்சட்டை அண்ணாச்சி'. சொல்லும்போதே ஒரு மரியாதை இருக்கும். சுடலைமாடன் கோயில் கொடைக்கு, அதாவது திருவிழாவுக்கு, வீட்டுக்கு வீடு தலைக்கட்டு வரி பிரிக்க வந்தால் முதல் ஆளாகக் கொடுப்பார். கேட்டால், "கொள்கை வேற, ஊரு வேற" என்பார். மறுநாள் கிடாக்கறிப் பங்கு வீட்டுக்கு வரும், அவரும் சாப்பிடுவார். குறை சொல்லவில்லை. ஆனால் விரதம், பொங்கல், பங்குனி உத்திரத்துக்குச் சாஸ்தா கோயில் எல்லாம் அம்மா தலையில். வீட்டுக்கான புண்ணியத்தை அம்மா பார்த்துக்கொண்டதால் அவர் நிம்மதியாக நாத்திகராக இருந்தார். எனக்கு அப்படிப் பார்த்துக்கொள்ள யாரும் இல்லை. நான் கொடைக்கு வரவில்லை என்றதும் அதே ஊர் சொன்னது, "அப்பன் செல்லம், புள்ளைக்குத் தலைக்கனம்".

2009இல் அப்பா இறந்தார். நான் போய்ச் சேர்வதற்குள் நீர்மாலைக்கு, அதாவது பிணத்தைக் குளிப்பாட்ட நீர் எடுத்துவரும் சடங்குக்கு, ஆள் கிளம்பிவிட்டது. சடங்கு வேண்டாம் என்று அவர் சொன்னது எல்லாருக்கும் தெரியும். சரி, அம்மாவின் ஆறுதலுக்கு என்று வாயை மூடிக்கொண்டேன். அப்புறம் தெருமுனைக்கு வந்தால் ஃப்ளெக்ஸ். 'சிவலோக பதவி அடைந்தார்' என்று எழுதி, அப்பாவின் படத்தில், வாழ்நாளில் ஒன்றும் பூசாத அந்த நெற்றியில், மூன்று பட்டை விபூதி. நடுவில் குங்குமம்.

அங்கே அழுததுதான், பிணத்தைப் பார்த்தபோதுகூட அப்படி அழவில்லை. அண்ணனிடம் கேட்டேன். "ஏட்டி, சபையில மானத்த வாங்காத" என்றான். ஸ்டூடியோவுக்குப் போனேன். அங்கே இருந்த பையன் பாவம், "எல்லாருக்கும் போடுத டிசைன்தான் அக்கா. பட்டை இல்லாம குடுத்தா வேதமானு கேப்பாவ" என்றான். கையோடு பட்டை இல்லாமல் ஒரு படம் பிரிண்ட் போட்டு வாங்கிக்கொண்டேன்.

இந்து சாமியை மட்டும்தான் பேசுவாயா என்று கீழே ஒருவர் கட்டாயம் எழுதுவார். அய்யா, நான் பிறந்த வீட்டில் இருந்தது அந்தச் சாமிதான், அதைத்தான் எனக்குத் தெரியும். மற்ற மதத்தில் பிறந்து விட்டு வெளியே வந்தவர்களின் பாடு இதைவிட மோசம். 2017இல் கோவையில் ஒருவரைக் கொன்றே போட்டார்கள். அதோடு, பக்தர்களை மட்டம் தட்டுவதற்காகவும் இதை எழுதவில்லை. என் அம்மா பக்தைதான், அவளைவிட நல்ல மனுஷியை நான் பார்த்ததில்லை.

கேள்விக்குச் சம்பந்தம் இல்லாத ஒன்று, ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. கொள்ளி வைத்தவனுக்குத்தான் வயல் என்று அண்ணன் எழுதி வாங்கப் பார்த்தான். "நீதான் சடங்கே இல்லன்னு சொல்லுதியே, பங்கு மட்டும் எதுக்கு?" என்றான். 1929இல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டில் பெண்ணுக்குச் சொத்துரிமை கேட்டுத் தீர்மானம் போட்டதை மேடைக்கு மேடை பேசிய அப்பா, உயில் மட்டும் எழுதவில்லை. அவர் சொந்தமாக வாங்கிய வயல், உயில் இல்லையென்றால் மகளுக்கும் சமபங்கு என்று 1956 சட்டம் சொல்கிறது. அது இந்து வாரிசுரிமைச் சட்டம். சாமி இல்லை என்றாலும் அந்தச் சட்டத்துக்கு நான் இந்துதான். வக்கீல் இதைச் சொன்னபோது சிரிப்பு வந்துவிட்டது. வழக்கு போடவில்லை, அம்மா இருக்கிறவரை போடவும் மாட்டேன். ஆனால் கையெழுத்தும் போடவில்லை.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் நாத்திகர் என்று பதிவானவர்கள் நாடு முழுக்க 33,000 சொச்சம்தானாம். என் வீட்டுக்கு வந்தவர் மதம் என்ன என்று கேட்கவே இல்லை, என் பெயரைக் கேட்டுவிட்டு அவரே எழுதிக்கொண்டார்.

வீட்டில் சொல்வதா வேண்டாமா என்று நீங்கள் கேட்கவில்லை, நானே சொல்கிறேன். சொந்தச் சம்பளம் வருகிறவரை அவசரப்படாதீர்கள். சொல்லும்போது அம்மாவிடம் முதலில் சொல்லுங்கள், தனியாக இருக்கும்போது.

இப்போதைய வீட்டுக்குக் குடி வந்த அன்று ஹாலில் அப்பா படத்தைத்தான் முதலில் மாட்டினேன், அந்தப் பட்டை இல்லாத படம். வீட்டுக்கார அம்மா பால் கொண்டுவந்தவர்கள் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"அப்பா எந்தச் சபைம்மா?"