வாசகர் கேள்வி: மரக் கிளைடர்

கேள்வி: பறக்கும் கிளப்புகளே கட்டிய பழைய மரக் கிளைடர்களில் (எஞ்சின் இல்லாத விமானங்களில்) இறக்கையின் முன்பகுதிக்கு மட்டும் பிளைவுட், பின்னால் வெறும் துணி. ஏன் அப்படி?

பதில்: இறக்கை மேல்நோக்கி வளைவதை ஸ்பார் (இறக்கையின் நீளத்துக்கு ஓடும் முதன்மை விட்டம்) தாங்கிக்கொள்ளும், முறுக்கைத் தாங்காது. ஸ்பாரிலிருந்து முன்விளிம்பைச் சுற்றி 1 முதல் 1.5 மி.மீ. பிர்ச் பிளைவுட்டை வளைத்து ஒட்டினால் மூடிய குழாய் ஒன்று உருவாகும். முறுக்கை அது பார்த்துக்கொள்ளும். பிளைவுட்டின் இழை ஸ்பாருக்கு 45 பாகைச் சாய்வில் ஓட வேண்டும். அப்போதுதான் முறுக்குக்கு முழு விறைப்பு. பின்பகுதியில் ரிப்களின் (இறக்கைக்கு வடிவம் தரும் குறுக்குச் சட்டங்களின்) மேல் துணியே போதும், எடையும் மிச்சம். ஜெர்மனியில் எட்மண்ட் ஷ்னைடர் வடிவமைத்த க்ருனாவ் பேபி கிளைடர் (1931) இப்படித்தான் அமைந்தது. ஸ்ட்ரட் (சாய்வான தாங்கு கம்பு) கொடுத்துத் தாங்கிய இறக்கை, தட்டையான பிளைவுட் பக்கங்களைச் சேர்த்த அறுகோண உடல். வரைபடத்தை வைத்துக் கிளப் பட்டறையிலேயே கட்ட முடிந்ததுதான் அதன் பெரிய பலம்.

கேள்வி: பிளைவுட்டை ஒட்டிய சோதனைத் துண்டு, மரம் கிழியாமல் பசையோடு பெயர்ந்து வருகிறது. பசை மோசமா?

பதில்: பசையைக் குறை சொல்லுமுன் பிளைவுட்டைப் பாருங்கள். சூட்டழுத்தத்தில் அதன் மேல்தோல் மெருகேறியிருக்கும். ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். பரவாமல் முத்தாக நின்றால் பசையும் உள்ளே இறங்காது. மணல்தாளால் மெருகு போகுமளவு மட்டும் லேசாகத் தேய்த்து, தூசியைத் துடைத்து, அன்றே ஒட்டுங்கள். மரத்தின் ஈரப்பதம் 8 முதல் 12 சதவீதத்துக்குள் இருக்கட்டும்.

அடுத்தது கிளாம்ப். ரிசார்சினால் என்ற செயற்கைப் பசைக்கு நல்ல, சீரான அழுத்தமும் 20 டிகிரி செல்சியஸுக்குக் குறையாத வெப்பமும் வேண்டும். எபாக்ஸி பசைக்கு நேர்மாறு: இறுக்கி முடுக்கினால் பசை முழுக்கப் பிதுங்கி வெளியேறி, இணைப்பு வறண்டுபோகும். இரண்டையும் ஒரே மாதிரி இறுக்குவதுதான் பட்டறைகளில் அதிகம் நடக்கும் தவறு. பிளைவுட்டை நீளவாக்கில் சேர்க்கும்போது விளிம்புகளைச் சாய்வாகச் சீவி ஒட்ட வேண்டும். அந்தச் சாய்வு 1:12 வையுங்கள், 1.5 மி.மீ. தகட்டுக்குச் சாய்வின் நீளம் 18 மி.மீ. வரும்.

ஒவ்வொரு பசைக் கலவையிலும் ஒரு சோதனைத் துண்டு ஒட்டிவைத்து, காய்ந்ததும் உடையுங்கள். முகம் முழுக்க மரநார் ஒட்டியிருந்தால்தான் அந்த இணைப்பை நம்பலாம்.

பழைய கிளைடரைப் பிரித்தால் கேசீன் பசை (பால் புரதத்தில் செய்தது) இருக்கக்கூடும். ஈரம் தங்கினால் அதைப் பூஞ்சை தின்றுவிடும். அதனால் மூடிய ஒவ்வோர் அறையின் தாழ்ந்த மூலையிலும் நீர் வடிய வடிதுளை அவசியம். துணி ஒட்டியபின் அந்தத் துளையைத் திறந்துவிட மறக்காதீர்கள்.