பாம்புக்கும் சளி பிடிக்குமா?

கேள்வி: டாக்டர், என் மகன் உரிமம் பெற்று ஒரு பால் பைத்தான் (ball python, பந்துபோல் சுருண்டுகொள்ளும் மலைப்பாம்பு வகை) வளர்க்கிறான். சில நாள்களாக அது மூச்சு விடும்போது சீழ்க்கை போன்ற சத்தம் கேட்கிறது, எலியையும் தொடவில்லை. கண்ணாடிப் பெட்டி குளிரூட்டி ஓடும் அறையில் இருக்கிறது. சட்டை உரிக்கப் போகிறது, அதனால்தான் என்கிறான் மகன். தைலம் போட்டு வேது காட்டச் சொல்கிறார் மாமியார். என்ன செய்வது?
– வாசகி, செந்தூல், கோலாலம்பூர்

பதில்: மகன் சொல்வது சரியாகவும் இருக்கலாம். சட்டை உரிக்கும் பருவத்தில் பாம்பின் கண்கள் பால் படர்ந்ததுபோல் மங்கும், மூக்குத் துளையில் பழைய தோல் ஒட்டியிருந்தால் மெல்லிய ஒலி எழும், இரையையும் ஒதுக்கும். ஆனால் கண்கள் மங்காமலே ஒலி தொடங்கியிருந்தாலோ, சட்டை முழுதாகக் கழன்ற பின்பும் அது நீடித்தாலோ, சுவாச நோய் என்றே கருதிப் பார்க்க வேண்டும்.

ஒலியைவிட வாயும் மூக்கும் நம்பகமான சாட்சிகள். மூக்கில் குமிழி, வாயோரத்தில் நுரை அல்லது இழையாக நீளும் சளி, வாயைத் திறந்தபடி மூச்சு, தலையை வெகுநேரம் மேல்நோக்கித் தூக்கி வைத்திருத்தல் ஆகியவற்றுள் ஒன்று தென்பட்டாலும் தாமதிக்கக் கூடாது. இரை விழுங்கிய பின் ஓரிரு முறை கொட்டாவி விடுவதை மட்டும் இதில் சேர்க்க வேண்டாம். அது தாடையைச் சரிசெய்துகொள்வது. பாம்புக்கு நம்மைப்போல் உதரவிதானம் இல்லாததால், நுரையீரலில் சேரும் சளியை இருமி வெளியேற்ற அதனால் இயலாது. ஆகவே வெளியே சளி தெரியும்போது உள்ளே நோய் முற்றியிருக்கக்கூடும்.

எனக்குப் பெரிய ஐயம் உங்கள் குளிரூட்டியின் மீதுதான். பாம்பின் நோய் எதிர்ப்பாற்றல் சுற்றுப்புற வெப்பத்தைச் சார்ந்தது என்பதால், பெட்டியின் ஒரு பக்கம் 31 முதல் 33 பாகை செல்சியஸும், மறுபக்கம் 25 முதல் 27 பாகையும் இரவிலும் இருக்க வேண்டும். கையால் தொட்டுப் பார்த்து முடிவு செய்யாமல், இரு பக்கமும் வெப்பமானி வைத்து, பெட்டியைச் சூடாக்கும் வெப்பவிரிப்பை, வெப்பத்தைத் தானாகக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டுடன் இணையுங்கள். குளிரூட்டி காற்றை உலர்த்துகிறதே என்று பலர் பெட்டிக்குள் நீரைத் தெளித்துக்கொண்டே இருக்கிறார்கள். குளிரும் ஈரமும் சேர்ந்தால் கிருமிகளுக்குக் கொண்டாட்டம்தான்.

மாமியாரின் அக்கறை புரிகிறது, எனினும் வேது வேண்டாம். ஆவி சுட்டுவிடும், தைல வாடை நுரையீரலை மேலும் உறுத்தும். வீட்டில் மிஞ்சிய ஆன்டிபயாடிக் மாத்திரையும் ஆகாது. பாக்டீரியா தொற்றாயின் மருத்துவர் சளி மாதிரியைச் சோதித்து ஊசி மருந்தைத் தேர்ந்தெடுப்பார். பாம்புகளின் சுவாச உறுப்புகளைத் தாக்கும் நிடோவைரஸ் போன்ற கிருமிக்கு நேரடி மருந்து இல்லை. ஆகவே வீட்டில் வேறு பாம்புகள் இருந்தால் இதை இன்றே தனி அறைக்கு மாற்றி, அவற்றைக் கவனித்த பிறகே இதைத் தொடுங்கள்.

எல்லாக் கால்நடை மருத்துவர்களும் பாம்பைப் பார்ப்பதில்லை. முன்கூட்டியே தொலைபேசியில் கேட்டுவிடுங்கள். அங்கே போனதும் சத்தம் நின்றுவிடலாம் என்பதால் இன்றிரவே கைப்பேசியில் பதிவு செய்துகொள்ளுங்கள். துணிப்பையில் இட்டு, மூடிய பெட்டியில் வைத்து, காரின் குளிர்காற்று நேராகப் படாதவாறு கொண்டு செல்லுங்கள்.