வாசகர் கேள்வி – பதில்: கேமரன் மலையில் 50 கிலோமீட்டர்

கேள்வி: எனக்கு 43 வயது. சுங்கை சிப்புட் அருகே ஒரு செம்பனைத் தோட்டத்தில் உதிரிப்பழம் பொறுக்குவதும் உரம் போடுவதும் என் வேலை. மூன்று ஆண்டுகளாக ஓடிப் பழகி, ஈப்போவில் 21 கிலோமீட்டர் சாலை ஓட்டத்தை 2 மணி 40 நிமிடத்தில் முடித்திருக்கிறேன். இன்னும் ஐந்து மாதத்தில் கேமரன் மலையில் நடக்கவிருக்கும் 50 கிலோமீட்டர் மலையோட்டத்துக்குப் பெயர் கொடுத்துவிட்டேன். மொத்த ஏற்றம் 2,400 மீட்டர். நேர வரம்பு 16 மணி. மேட்டுக்காட்டில் வேலை செய்து பழகிய கால் என்பதால் ஏற்றத்துக்குப் பயப்படவில்லை. வரம்புக்குள் முடிக்க முடியுமா? எப்படிப் பழக வேண்டும்?
– வாசகி, சுங்கை சிப்புட்

பதில்: முடியும், சகோதரி. ஊக்கப்படுத்துவதற்காக இதைச் சொல்லவில்லை. கணக்குப் போட்டுப் பார்த்துச் சொல்கிறேன். ஸ்காட்லாந்து மலையேறியான வில்லியம் நெய்ஸ்மித் 1892-இல் ஒரு கணக்கு வகுத்தார். 5 கிலோமீட்டர் தூரத்துக்கு ஒரு மணி நேரம், 600 மீட்டர் ஏற்றத்துக்குக் கூடுதலாக ஒரு மணி நேரம் என்பது அது. அதன்படி 50 கிலோமீட்டருக்கு 10 மணி நேரமும் 2,400 மீட்டர் ஏற்றத்துக்கு 4 மணி நேரமும் சேர்ந்து 14 மணி நேரம் ஆகிறது. வழியில் தண்ணீர் கொடுக்கும் இடங்களில் நின்று பசியாறும் நேரத்தை ஒரு மணி என்று வைத்துக்கொண்டால் 15. ஓடாமல் விரைந்து நடந்தாலே உங்கள் கையில் ஒரு மணி நேரம் மிச்சம் இருக்கிறது.

ஆனால் நெய்ஸ்மித்தின் கணக்கில் களைப்புக்கும் சேற்றுக்கும் இருட்டுக்கும் இடம் இல்லை. செங்குத்தான இறக்கத்துக்கும் இல்லை. அந்த ஒரு மணி நேரத்தைப் பெரும்பாலோர் இழப்பது ஏற்றத்தில் அன்று, இறக்கத்தில்தான். உங்கள் கடிதத்தில் இறக்கத்தைப் பற்றி ஒரு சொல்கூட இல்லாததால், என் பதிலில் அதற்கே அதிக இடம் கொடுக்கிறேன்.

ஏறும்போது தொடையின் முன்தசை சுருங்கி உடலைத் தூக்குகிறது. இறங்கும்போது அதே தசை, நீண்டுகொண்டே உடலின் முழு எடையையும் தாங்கி, ஒவ்வோர் அடிக்கும் பிரேக் போடுகிறது. மூச்சு வாங்காததால் எளிதாகத் தோன்றும் அந்த வேலைதான் தசைநார்களில் நுண்ணிய கிழிசல்களை உண்டாக்குகிறது. அதன் வலி அன்றே முழுமையாகத் தெரியாமல், ஒன்று முதல் மூன்று நாள்களுக்குள் உச்சத்தை அடைகிறது. என் முதல் மலையோட்டத்தில் முதல் 20 கிலோமீட்டரை மகிழ்ச்சியாக ஓடிக் கடந்த நான், ஒரு நீண்ட இறக்கத்தைத் தாவித் தாவி இறங்கி, பத்துப் பன்னிரண்டு பேரை முந்தினேன். 38-ஆவது கிலோமீட்டரில், முழங்கால் உயரம்கூட இல்லாத ஒரு வேர்ப்படியில் இறங்க முடியாமல், ஒரு மரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றேன். இரண்டு தொடைகளும் தாமாகவே நடுங்கின. முந்தப்பட்டவர்கள் ஒவ்வொருவராக நலம் விசாரித்துவிட்டு என்னைக் கடந்து சென்றார்கள். மறுநாள் வீட்டு மாடிப்படியில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு பின்பக்கமாகத்தான் இறங்கினேன்.

இதில் ஒரு நற்செய்தியும் உண்டு. தசை ஒரு முறை இறக்கத்தில் அடிபட்டு ஆறிவிட்டால், அடுத்த சில வாரங்களுக்கு அதே அளவு இறக்கம் அதை அவ்வளவாகப் பாதிப்பதில்லை. அதனால், இரண்டு வாரத்துக்கு ஒரு முறையாவது நீண்ட இறக்கம் ஒன்றில் பழகுங்கள். உங்கள் ஊருக்கு எட்டும் தொலைவில், ஈப்போ மெங்லெம்புவில் உள்ள கிளெடாங் மலை 800 மீட்டருக்குச் சற்றே கூடுதலான உயரம் கொண்டது. விடுமுறை நாள்களில் ஆள் நடமாட்டம் உள்ள இடம் என்பதால் பாதுகாப்பானதும்கூட. முதல் மாதம் ஒரு முறை ஏறி இறங்குங்கள்; நான்காம் மாதத்துக்குள் ஒரே நாளில் மூன்று முறை ஏறி இறங்கும் நிலைக்கு வாருங்கள். இறங்கும்போது எட்டிக் கால் வைக்காமல், சிறு சிறு அடிகளாக விரைந்து வையுங்கள். உடலைப் பின்னுக்குச் சாய்த்துக் குதிகாலை ஊன்றினால் வழுக்கும், முழங்காலும் நோகும். பார்வை பாதத்தில் நிற்காமல் நான்கைந்து அடி முன்னால் இருக்கட்டும். போட்டிக்கு முந்திய கடைசி நீண்ட இறக்கம் இரண்டரை வாரத்துக்கு முன்பே முடிந்துவிட வேண்டும்.

இன்னொன்றையும் வலியுறுத்திச் சொல்ல விரும்புகிறேன். பயிற்சி அட்டவணைகள் பெரும்பாலும் நாற்காலியில் அமர்ந்து வேலை செய்பவர்களை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. காலையில் பெரட்டுக்கு (தோட்டத்தில் ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு) போய், மதியம்வரை உர மூட்டையும் வாளியுமாக மேட்டில் ஏறி இறங்கும் உங்களுக்கு அது அப்படியே பொருந்தாது. அந்த உழைப்பும் பயிற்சிதான். அதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். உரம் போட்ட நாளில் மாலை ஓட்டம் வேண்டாம். வாரத்தில் இரண்டு நாள் சிறிய ஓட்டமும் ஞாயிற்றுக்கிழமையில் ஒரு நீண்ட பயிற்சியும் உங்களுக்குப் போதும். அதற்கு மேல் செய்தால் வலிமை கூடாது, காயம்தான் கூடும்.

உணவையும் கால்களைப் போலவே பழக்க வேண்டும். நீண்ட ஓட்டத்தில் ஒரு மணி நேரத்துக்கு 30 முதல் 60 கிராம் வரை மாவுச்சத்து தேவை. நடுத்தர அளவிலான இரண்டு வாழைப்பழங்களில் ஏறத்தாழ 50 கிராம் கிடைக்கும். உப்புத் தூவிய அவித்த உருளைக்கிழங்கும் பேரீச்சம்பழமும் நல்லவை. ஞாயிற்றுக்கிழமைப் பயிற்சியில் உங்கள் வயிறு எதை ஏற்றுக்கொள்கிறதோ அதை மட்டுமே போட்டிக்குக் கொண்டு போங்கள். தாகம் எடுக்கும்போது குடியுங்கள். அளவுக்கு மீறிக் குடிக்க வேண்டாம். 2002-இல் பாஸ்டன் மாரத்தானில் ஓடிய 488 பேரின் குருதியைச் சோதித்தபோது, 100-க்கு 13 பேர் என்ற அளவில் சோடியம் என்ற உப்புச்சத்து குறைந்திருந்தது. மிகுதியாகத் தண்ணீர் குடித்தவர்களும் நீண்ட நேரம் எடுத்துக்கொண்டவர்களுமே அதில் அதிகம் பாதிக்கப்பட்டார்கள். உங்களைப் போல் 15 மணி நேரம் வழியில் இருக்கப்போகிறவர்கள் இதை மறக்கக் கூடாது.

கேள்வி: மலையோட்டக் காலணியின் விலை என் வருமானத்துக்கு மிக அதிகம். என் அப்பா ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டப் போட்டுக்கொண்டு போன கம்போங் அடிடாஸ் என்ற ரப்பர் காலணி போதுமா?
– கல்லூரி மாணவர், சுங்கை சிப்புட்

பதில்: சேறும் வேரும் நிறைந்த காட்டுப்பாதைக்கு அது போதும் என்பது மட்டுமன்று, பல நேரங்களில் அதுவே மேலானது. ஒரே வார்ப்பில் செய்த ரப்பர், அடியில் பிடிமானத்துக்குக் குமிழ்கள், தண்ணீரை உறிஞ்சாத தன்மை ஆகியவற்றால்தான் கினபாலு மலையில் சுமை தூக்குவோரும் அதை நம்புகிறார்கள். குறை எங்கே என்றால், அதில் மெத்தை இல்லை, காற்றோட்டமும் இல்லை. நீங்கள் ஓடப்போகும் பாதையில் தார்ச்சாலை எவ்வளவு தூரம் என்று விசாரியுங்கள். பாதிக்கு மேல் தார் என்றால் பழைய சாலை ஓட்டக் காலணியே நலம். ரப்பர் காலணியைத்தான் போடுவது என்றால் வழக்கத்தைவிட ஓர் அளவு பெரியதாக வாங்கி, கணுக்காலுக்கு மேல்வரை வரும் தடித்த காலுறையோடு போட்டுப் பழகுங்கள். அந்தக் காலுறை அட்டைக்கடியையும் ஓரளவு தடுக்கும்.

கேள்வி: (முதல் கேள்வி வந்த அதே உறையில், வேறு கையெழுத்தில் இருந்த தாள் இது.) என் மனைவிக்குத் தெரியாமல் இதை வைக்கிறேன். நான் லாரி ஓட்டுநர். அவளைத் தடுக்க எனக்கு மனம் இல்லை. ஆனால் இரவில், மழையில், அந்த மலையில் அவளுக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று தூக்கம் வரவில்லை. நான் என்ன செய்ய வேண்டும்?

பதில்: ஐயா, உங்கள் பயம் நியாயமானது, அதை வீண் பயம் என்று நான் ஒதுக்கமாட்டேன். 2021 மே 22 அன்று சீனாவின் கான்சு மாநிலத்தில் நடந்த 100 கிலோமீட்டர் மலையோட்டத்தில் ஆலங்கட்டி மழையும் கடுங்காற்றும் திடீரென வீச, 172 பேரில் 21 பேர் குளிரில் இறந்தார்கள். அவர்களில் நாட்டின் தலைசிறந்த ஓட்டக்காரர்களும் இருந்தார்கள். நம் மலையில் அந்த அளவு குளிர் கிடையாது என்றாலும், 100 மீட்டர் ஏறினால் ஏறத்தாழ 0.6 பாகை வெப்பம் குறைகிறது. கடல்மட்டத்திலிருந்து 2,000 மீட்டருக்கு மேல் உயர்ந்த பிரிஞ்சாங் உச்சி, சுங்கை சிப்புட்டைவிடப் பன்னிரண்டு பாகை அளவுக்குக் குளிர்ந்தே இருக்கும். நனைந்த உடலும் காற்றும் அதோடு சேர்ந்தால் விரல் மரத்துப்போகும். எனக்கே ஒருமுறை உப்புப் பொட்டலத்தைக் கிழிக்க விரல் வராமல், பின்னால் வந்த ஒருவர் கிழித்துக் கொடுத்து, என் மழையங்கியின் ஜிப்பையும் இழுத்துவிட்டுப் போனார்.

ஆகையால் நல்ல மழையங்கி, தலைவிளக்கு, அதற்கு மாற்று பேட்டரி, விசில், அவசரப் போர்வை ஆகியவற்றை அவர் பையில் நீங்களே ஒரு முறை சரிபாருங்கள். காலணியில் சிக்கனம் பிடிக்கலாம். மழையங்கியில் பிடிக்க வேண்டாம். தசைவலிக்கு இபுபுரோஃபென் போன்ற மாத்திரைகளை ஓட்டத்தின் நடுவே விழுங்கக் கூடாது என்று சொல்லுங்கள். நீர் குறைந்த உடலில் அவை சிறுநீரகத்தைக் கெடுக்கும். உறவினர் நிற்க அனுமதியுள்ள இடங்களில் நீங்கள் நில்லுங்கள். அவர் வந்ததும் முடிந்துவிடுமா என்று கேட்காமல், வீட்டுக் கதவு எண்ணையோ பிள்ளைகளின் பிறந்த நாளையோ கேளுங்கள். பதில் குழறினாலோ, நடுங்கிக்கொண்டிருந்த உடல் குளிர் தணியாமலே நடுக்கத்தை நிறுத்தினாலோ, தலைவலியும் வாந்தியுமாகக் கைவிரல் வீங்கியிருந்தாலோ, சிறுநீர் கோப்பி நிறத்தில் போனதாகச் சொன்னாலோ, அங்கேயே அவரை நிறுத்தி மருத்துவக் குழுவிடம் ஒப்படையுங்கள். களைப்பையும் கண்ணீரையும் மட்டும் பார்த்து நிறுத்திவிடாதீர்கள். 35 கிலோமீட்டருக்கு மேல் அவை எல்லாருக்கும் வரும், அடுத்த தண்ணீர் நிலையத்துக்குள் போய்விடவும் செய்யும்.

இவற்றையெல்லாம் ஒளித்துச் செய்ய வேண்டாம். இந்தத் தாளை எழுதியதை அவரிடம் சொல்லிவிட்டு, எந்த நிலையில் நிறுத்துவது என்பதை இருவரும் சேர்ந்து இப்போதே முடிவு செய்துகொள்ளுங்கள். மலையில் அதைப் பேசித் தீர்க்க நேரமும் தெளிவும் இருக்காது. முடிவிடத்துக்கு உலர்ந்த உடையும், துண்டும், சுடச்சுட இஞ்சித் தேநீரும் கொண்டு போங்கள். பாதம் வீங்கிவிடும் என்பதால், கழற்றிய காலணியை அவரால் மறுபடி போட முடியாது. உங்கள் செருப்பு ஒரு சோடியையும் லாரியில் எடுத்து வையுங்கள், அவருடையது பற்றாது.