ஓட்டுப் போடாத கர்தினால்

கேள்வி: செஞ்சி பக்கத்துக் கல்லேரியில் பிறந்த கர்தினால் லூர்துசாமி, 29 ஆண்டு சிவப்புத் தொப்பி அணிந்திருந்தும் ஒரு போப்பாண்டவர் தேர்தலில்கூட ஓட்டுப் போடவில்லையாமே? அப்படியானால் அது வெறும் அலங்காரப் பதவிதானே?
– ஒரு வாசகர், மஞ்சக்குப்பம், கடலூர்

பதில்: ஓட்டுப் போடவில்லை என்பது உண்மை. அலங்காரப் பதவி என்பது உங்கள் சொந்தச் சரக்கு.

போப்பைத் தேர்ந்தெடுப்பவர்கள் கர்தினால்கள்தான். அவர்களில் 80 வயது நிறைந்தவருக்கு ஓட்டு இல்லை என்று 1970-ல் போப் ஆறாம் பவுல் விதி போட்டார். 1978-ல் இரண்டு மாதத்துக்குள் இரண்டு தேர்தல். அப்போது லூர்துசாமி ரோமில்தான் வேலை பார்த்தார். ஆனால் வெறும் பேராயர். தொப்பி வந்தது 1985-ல். அதன் பிறகு போப் இரண்டாம் யோவான் பவுல் இருபது வருஷம் இருந்தார். 1924 பிப்ரவரியில் பிறந்தவருக்கு 2004 பிப்ரவரியில் 80 முடிந்தது. போப் மறைந்தது 2005 ஏப்ரலில். 14 மாதத்தில் பஸ் போய்விட்டது.

தவறவிட்டதுதான் என்ன? ஒரு செவ்வகத் தாள். மேல்பாதியில் லத்தீனில் அச்சடித்த ஒரு வரி, கீழ்ப்பாதியில் நீங்கள் விரும்பும் பெயர். யார் எழுத்து என்று தெரியாதபடி எழுதி, இரண்டாக மடித்துப் போட வேண்டும். விரலில் மைகூட வைக்க மாட்டார்கள்.

அவர் செய்ததைக் கேளுங்கள். திருச்சபைச் சட்டத்தில் டாக்டர் பட்டம் வாங்கியவர். பெங்களூர்ப் பேராயராக இருந்தவரை ரோமுக்கு அழைத்துக்கொண்டார்கள். ஆசியா, ஆப்பிரிக்காவின் மறைமாவட்டங்களைக் கவனிக்கும் பேராயத்தில் (பேராயம் என்றால் வத்திக்கானின் ஒரு துறை) 1973 முதல் 12 ஆண்டு செயலாளர். பிறகு, 1985 முதல் 1991 வரை கீழைத் திருச்சபைகள் பேராயத்தின் தலைவர். வத்திக்கானில் ஒரு பேராயத்துக்குத் தலைமை ஏற்ற முதல் இந்தியர் அவர்தான். ரோமோடு சேர்ந்திருந்தும் தங்கள் பழைய வழிபாட்டை விடாத உக்ரைன்காரர்கள், லெபனானின் மரோனியர், கேரளத்துச் சீரோ மலபார்க்காரர்கள் எல்லாரும் அந்தக் கூரையின் கீழ். (இதனாலேயே அவரை மலையாளி என்று புதுச்சேரி மிஷன் வீதியில் சம்பா கோயில் எதிரில் நின்று என்னிடம் ஒருவர் சாதித்தார். லூர்துசாமியின் தம்பி, இறையியலாளர் அமலோர்பவதாஸைப் பற்றித் தயவுசெய்து தனிக் கேள்வியாக அனுப்புங்கள். இந்தப் பத்தியில் அடங்காது.)

அந்த நாற்காலியில் அவர் இருந்தது லேசான காலமில்லை. 1946-ல் சோவியத் அரசு ஒழித்துவிட்டதாக அறிவித்த உக்ரைன் கிரேக்கக் கத்தோலிக்கத் திருச்சபை, தலைமறைவிலிருந்து 1989-ல்தான் வெளியே வந்தது. அடுத்த ஆண்டு அக்டோபரில் கீழைத் திருச்சபைகள் அனைத்துக்குமான பொதுச் சட்டத் தொகுப்பு வெளியானது. ஏறத்தாழ ஆறு வருஷமும் அந்தப் பேராயம் ரோமின் லத்தீன் வழிபாட்டு முறையில் வளர்ந்த ஒரு தென்னார்க்காட்டுத் தமிழர் பொறுப்பில்.

2005-ல், போப் தேர்தல் நடக்கும் வத்திக்கானின் சிஸ்டைன் சிற்றாலயத்துக்குள் ஓட்டுப் போடப் போன இந்தியர் மூன்று பேர். அதில் ஒருவர் சீரோ மலபார் திருச்சபையின் தலைவர். அந்தத் திருச்சபையின் விவகாரங்கள் ஒருகாலத்தில் ரோமில் யார் மேசைக்குப் போயின என்று இப்போது உங்களுக்குத் தெரியும்.