வாசகர் கேள்விகள்: பதினேழு வயதில் நடந்தவை

(பதில் சொல்பவர் வழக்கறிஞர். பதினெட்டு வயது நிரம்பாதவர்கள் மேலான வழக்குகளை விசாரிக்கும் சிறார் நீதிக் குழுமத்தில் சமூகப் பணி உறுப்பினராக இருந்தவர், போர் எதிர்ப்பு இயக்கங்களில் நெடுங்காலமாகப் பங்கெடுப்பவர். கேள்வி அனுப்பியவர்களின் பெயர்களைத் தவிர்த்திருக்கிறோம்.)

மூன்று வருஷம் இருந்துவிட்டு வெளியே வந்துவிடலாம் என்றால் ஒரு பெண்ணின் உயிருக்கு என்னம்மா மதிப்பு? 'சின்னப் பையன், சின்னப் பையன்' என்று நீங்கள் பரிந்து பேசுவதைக் கேட்டால் எனக்கு வயிறு எரிகிறது.
– ஓய்வுபெற்ற தலைமையாசிரியர்

உங்கள் கோபம் நியாயமானது ஐயா. 2012 டிசம்பரில் தில்லிப் பேருந்தில் ஒரு கூட்டம் ஒரு மாணவியைப் பாலியல் வன்கொடுமை செய்து கொன்றதைப் படித்துவிட்டு நானும் பல இரவுகள் தூங்கவில்லை. அந்தக் கூட்டத்தில் ஒருவனுக்குப் பதினெட்டு நிரம்பச் சில மாதங்கள் பாக்கி இருந்தன. அன்றைய சட்டம் அவனுக்குத் தரக்கூடிய அதிகபட்சம், சிறப்பு இல்லத்தில் மூன்றாண்டு. 2015 டிசம்பர் 20 அன்று வெளியே வந்தான். அடுத்த இரண்டு நாளில் மாநிலங்களவை புதிய சிறார் நீதிச் சட்டத்தை நிறைவேற்றியது.

அதனால் நீங்கள் சொல்லும் மூன்று வருஷக் கணக்கு இப்போது எல்லாருக்கும் பொருந்தாது. பதினாறு வயது நிரம்பியவர் மேல், குறைந்தபட்சமே ஏழாண்டுத் தண்டனை உள்ள கொடுங்குற்றம் சாட்டப்பட்டால், குழுமம் முதலில் ஒரு மதிப்பீடு செய்யும். அவருடைய மனநிலை, உடல்நிலை, செய்ததன் விளைவு புரிந்ததா, எந்தச் சூழலில் நடந்தது என்றெல்லாம் பார்த்துவிட்டு, பெரியவர்களைப் போலவே விசாரிக்கச் சொல்லி சிறார் நீதிமன்றத்துக்கு அனுப்பலாம். தூக்குத் தண்டனையும், விடுதலைக்கு வழியே இல்லாத ஆயுள் தண்டனையும் மட்டும் கிடையாது.

அந்த மாற்றத்தை நான் அப்போதும் எதிர்த்தேன், இன்றும் எதிர்க்கிறேன். அதே கொடுமைக்குப் பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி வர்மா குழு எல்லாரையும் கேட்டுவிட்டு, சிறார் என்பதற்கான பதினெட்டு வயது வரம்பைக் குறைக்க வேண்டாம் என்றுதான் 2013 ஜனவரியில் அறிக்கை கொடுத்தது. அதே ஆண்டு உச்ச நீதிமன்றமும் வயதைக் குறைக்க மறுத்தது. ஊரே கொதித்துக்கொண்டிருந்த நேரத்தில் இரண்டு இடங்களிலும் நிதானமாக யோசித்திருக்கிறார்கள்.

குழுமம் நடக்கும் அறையை நீங்கள் ஒருமுறை பார்க்க வேண்டும். உயரமான மேடை இருக்கக் கூடாது, கூண்டு இருக்கக் கூடாது என்று விதியே இருக்கிறது. ஒரு மாஜிஸ்திரேட், இரண்டு சமூகப் பணி உறுப்பினர்கள். மேசைக்கு எதிரே பையன், பக்கத்தில் அவன் அம்மா. அம்மாவின் மடியில் ஒரு பிளாஸ்டிக் பை இருக்கும். அதில் மாற்றுச் சான்றிதழ், ரேஷன் அட்டை, வீட்டில் கிடைத்த எல்லாக் காகிதமும். எதைக் கேட்பார்கள் என்று தெரியாமல் மொத்தத்தையும் அள்ளிக்கொண்டு வந்திருப்பார்.

ஒரு பையனை மறக்கவே முடியவில்லை. பள்ளிப் பையில் கஞ்சா பிடிபட்டது. பையைத் திறந்து காட்டியபோது மேலே இயற்பியல் ரெக்கார்டு நோட்டு, அடியில் பொட்டலங்கள். நோட்டில் குவிலென்ஸ் படம் பாதி வரைந்தபடி இருந்தது. என்ன நடந்தது என்று கேட்டோம். 'நோட்டை மட்டும் திருப்பித் தருவீங்களா மிஸ், வர்ற வாரம் சைன் வாங்கணும்' என்றான். தன் தலைக்கு மேல் என்ன தொங்குகிறது என்பது அவனுக்கு எட்டவே இல்லை.

பொட்டலத்தை யார் கொடுத்தது என்று கேட்டேன். பையன் ஓர் அண்ணனைச் சொன்னான். காவல் துறை கொடுத்த காகிதத்தில் அந்த அண்ணன் இல்லை. போதைப்பொருளைச் சுமக்கச் சிறுவர்களைப் பயன்படுத்துகிறவனுக்கு ஏழாண்டு வரை கடுங்காவல் என்று இதே 2015 சட்டம் சொல்கிறது. இது எத்தனை பேருக்குத் தெரியும்? பதினேழு வயதுக்காரனைத் தூக்கில் போடு என்று முழங்குகிறவர்கள், அந்தப் பையைக் கொடுத்த ஆள் எங்கே என்று ஒருமுறையாவது கேட்டிருந்தால் எனக்கு இவ்வளவு வருத்தம் இருக்காது. ஐயா, எத்தனையோ வகுப்பறைகளைப் பார்த்தவர் நீங்கள். உங்களிடம் படித்த பையன்களில் ஒரு கெட்ட சகவாசத்தால் தடம் மாறி, பிறகு நல்லபடியாக வந்தவன் ஒருவனாவது உங்கள் நினைவில் இருப்பான்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். சிறாருக்கென்று தனிச் சட்டம் இந்தியாவில் முதன்முதலில் வந்தது நம் சென்னை மாகாணத்தில், 1920-இல். நூறாண்டுக்கு முன்பே நம் முன்னோர் யோசித்து வைத்த விஷயம் இது.

மனதைத் தொட்டுச் சொல்லுங்கள், இவர்கள் எல்லாரும் திருந்திவிடுகிறார்களா?
– ஒரு வாசகர்

எல்லாரும் இல்லை. நிறையப் பேர். யார் திருந்துவார் என்று முதல் நாளே முகத்தைப் பார்த்துச் சொல்லக்கூடிய ஒருவரையும் நான் சந்தித்ததில்லை.

கல்லூரியில் காதலித்தவர் இருபது வருடம் கழித்து ஃபேஸ்புக்கில் நட்பு அழைப்பு அனுப்பியிருக்கிறார். அன்றிலிருந்து பழைய ஞாபகமாகவே இருக்கிறது. என் கணவர் நல்லவர். இப்படி நினைப்பதே துரோகமா? நீங்கள் யாரையாவது காதலித்ததுண்டா மேடம்?
– ஒரு வாசகி

காதலித்திருக்கிறேன் சகோதரி. அவர் ராணுவத்தில் இருந்தார்.

நான் போர் கூடாது என்று பேசுகிறவள் என்பதால் இதைக் கேட்பவர்கள் ஆச்சரியப்படுவார்கள். எனக்கு அதில் முரண்பாடு தெரிந்ததே இல்லை. எல்லையில் ஒருவர் இருக்கும்போது போர் வேண்டாம் என்று அவருடைய ஆளைவிட அதிகமாக யார் வேண்டிக்கொள்ளப்போகிறார்கள்? அவர் கடிதங்கள் '56 ஏ.பி.ஓ.' என்ற ராணுவ அஞ்சல் முகவரியோடு வரும். எந்த ஊரில் இருக்கிறார் என்று அதை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது. 1999-இல் கார்கில் போர் தொடங்கியதும் கடிதம் வருவது நின்றது. தபால்காரர் தெருமுனையில் திரும்பும்போதே அவர் கையைப் பார்ப்பேன். ஜூனில் நாங்கள் கொஞ்சம் பேர் சாலையோரம் பதாகை பிடித்து நின்றோம். போகிறவர்கள் வாய்க்கு வந்தபடி திட்டினார்கள். அவருடைய கடைசிக் கடிதம் அப்போது என் கைப்பையில் இருந்தது. அதை எடுத்துக் காட்டிவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. காட்டவில்லை. அதை வைத்து நான் யாரிடமும் நல்ல பெயர் வாங்க வேண்டியதில்லை.

போர் முடிந்து விடுப்பில் வந்தார். முழுசாக வந்தார், அதுவே எனக்குப் போதுமாக இருந்தது. ஆனால் அவர் ஒன்று கேட்டார்: 'நான் பணியில் இருக்கிறவரைக்கும் நீ மேடை ஏறாதே. கூட இருந்தவனைப் பறிகொடுத்துவிட்டு வந்திருக்கிறேன். என்னால் தாங்க முடியாது.' என்னால் அப்படி இருக்க முடியாது என்றேன். அவர் கேட்டதில் இருந்த வலி எனக்குப் புரிந்தது, நான் மறுத்ததன் காரணம் அவருக்கும் புரிந்தது. சண்டை போட்டுப் பிரிந்திருந்தால் சுலபமாக இருந்திருக்கும். அன்போடு பிரிவது ரொம்ப நாள் வலித்தது. பிறகு அவருக்குக் கல்யாணம் ஆனது, எனக்கும் ஆனது. பெண் பார்க்க வந்த அன்றே என் கணவரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். 'உயிரோடு திரும்பினாரே, அதைச் சொல்லுங்க முதல்ல' என்றார் அவர். அந்த ஒரு வார்த்தைக்காகவே அவரைக் கட்டிக்கொண்டேன் என்று சொல்லலாம்.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். நினைப்பது துரோகம் இல்லை. ஒரு காலத்தில் நீங்கள் எப்படிப்பட்ட பெண்ணாக இருந்தீர்கள் என்பதும் சேர்ந்துதான் ஞாபகத்துக்கு வருகிறது. அந்தப் பெண்ணை வெறுக்க உங்களுக்கு ஒரு காரணமும் இல்லை. அழைப்பை ஏற்பது வேறு விஷயம். 'பழைய சிநேகிதர் ஒருவர் கூப்பிட்டிருக்கிறார்' என்று கணவரிடம் சாதாரணமாகச் சொல்ல முடிந்தால் ஏற்றுக்கொள்ளுங்கள். அவர் தூங்கிய பிறகு போனை எடுக்கத் தோன்றினால் வேண்டாம், விட்டுவிடுங்கள்.

மெழுகுவத்தி ஏற்றினால் போர் நின்றுவிடுமா? எங்கள் கல்லூரியில் ஒரு கூட்டத்துக்குக் கூப்பிட்டார்கள். போகலாமா என்று யோசிக்கிறேன்.
– கல்லூரி மாணவர்

மெழுகுவத்தி மட்டும் ஏற்றினால் நிற்காது தம்பி. போய்ப் பார், அங்கே அதற்கு மேல் என்ன செய்கிறார்கள் என்று கேள்.

ஓர் உதாரணம் சொல்கிறேன். 1950-களில் வல்லரசுகள் திறந்தவெளியில் அணுகுண்டுச் சோதனை நடத்திக்கொண்டிருந்தன. அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரத்தில் மருத்துவர்களும் தாய்மார்களும் சேர்ந்து, குழந்தைகளுக்கு விழுந்த பால் பற்களைச் சேகரித்தார்கள். ஆயிரக்கணக்கில் தபாலில் வந்து குவிந்தன. ஆய்வுக்கூடத்தில் பார்த்தால் அந்தப் பற்களில் ஸ்ட்ரான்சியம்-90, சோதனைத் தூசியிலிருந்து வரும் கதிரியக்கப் பொருள். புல்லில் விழுந்து, மாட்டுக்குப் போய், பால் வழியாகப் பிள்ளைகளின் எலும்புக்குள் போயிருக்கிறது. 1961 நவம்பர் 1 அன்று சுமார் 60 நகரங்களில் பெண்கள் வேலையைப் போட்டுவிட்டுத் தெருவுக்கு வந்தார்கள். 1963-இல் திறந்தவெளிச் சோதனையைத் தடைசெய்யும் ஒப்பந்தம் கையெழுத்தானது. அதற்கு வேறு காரணங்களும் உண்டு. ஆனால் பல்லைக் கையில் வைத்துக்கொண்டு கேள்வி கேட்ட தாய்மாருக்குப் பதில் சொல்வது எந்த அரசுக்கும் கஷ்டம்.

நம் நாட்டிலும் 1999 மே 11 அன்று, அணுகுண்டுச் சோதனை நடந்த பொக்ரானில் கிளம்பி ஆகஸ்ட் 6, ஹிரோஷிமா நாளன்று சாரநாத் போய்ச் சேர்ந்த ஓர் அணு ஆயுத எதிர்ப்பு நடைப்பயணம் உண்டு. பாதி வழியில் கார்கில் போர். கொளுத்துகிற வெயிலில், எதிர்ப்புக்கு நடுவில், அவர்கள் நிறுத்தாமல் நடந்தார்கள். அவர்களைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நிறைகிறது.

சிறார் விஷயத்தையும் அமைதி விஷயத்தையும் நான் ஏன் ஒன்றாகப் பேசுகிறேன் என்று பலர் கேட்பதுண்டு. மேற்கு ஆப்பிரிக்க நாடான சியரா லியோனைப் பார். 2002 வரை பத்தாண்டுக்கு மேல் உள்நாட்டுப் போர். பிள்ளைகளைப் பிடித்துக்கொண்டு போய், போதை கொடுத்து, கையில் துப்பாக்கியைத் திணித்தார்கள். அந்தப் பிள்ளைகள் பயங்கரமான காரியங்கள் செய்தார்கள். போர் முடிந்து வைத்த சிறப்பு நீதிமன்றத்தில் பதினைந்து வயதுக்கு மேற்பட்டவர்களை விசாரிக்கச் சட்டப்படி இடம் இருந்தது. அங்கே வழக்குத் தொடுக்கும் தலைமை வழக்கறிஞராக இருந்த டேவிட் கிரேன், பதினெட்டுக்குக் கீழே யார் மேலும் வழக்குப் போடப் போவதில்லை என்று அறிவித்தார். பிள்ளைகளைப் படையில் சேர்த்த தளபதிகளை விசாரித்தார்கள், தண்டித்தார்கள். பக்கத்து நாட்டில் அதிபராக இருந்துகொண்டு கிளர்ச்சிப் படைக்கு உதவிய சார்ல்ஸ் டெய்லருக்கு 2012-இல் ஐம்பது ஆண்டு கிடைத்தது. ரெக்கார்டு நோட்டுப் பையனின் பையைக் கொடுத்த அண்ணனைத் தேடுவதும் இதே வேலைதான். அளவு மட்டும் வேறு.

பையனுக்குப் பதினேழு, பிளஸ் டூ. கூடப் படிக்கிற பெண்ணோடு போய்விட்டான். அவளுக்கும் பதினேழு. நான்கு நாளில் கண்டுபிடித்துவிட்டார்கள். இவன் மேல் போக்சோ போட்டுக் கூர்நோக்கு இல்லத்தில் வைத்திருக்கிறார்கள், அந்தப் பெண்ணை வேறு இல்லத்தில். அவன் வாழ்க்கை முடிந்துவிட்டதா அம்மா?
– ஒரு தாய்

முடியவில்லை அம்மா. முதலில் கொஞ்சம் தண்ணீர் குடித்துவிட்டு இதைப் படியுங்கள்.

ஒரே வகுப்பு, ஒரே வயது, இருவருமே விரும்பிப் போனார்கள். ஆனால் குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் இந்தப் போக்சோ சட்டத்தின் கண்ணில் ஒருவர் குற்றம் சாட்டப்பட்டவர், இன்னொருவர் பாதுகாக்கப்பட வேண்டியவர். பதினெட்டுக்குக் கீழே சம்மதம் செல்லாது என்பதால் வருகிற விளைவு இது. குழந்தைகளைச் சீரழிக்கும் பெரியவர்களை மனதில் வைத்து எழுதிய நல்ல சட்டம், உங்கள் மகன் மாதிரிப் பிள்ளைகள் மேலும் விழுகிறது. 2021-இல் சென்னை உயர் நீதிமன்றம் இப்படியொரு காதல் வழக்கை ரத்து செய்து, பதின்வயதுக் காதலை இந்தச் சட்டத்தில் கொண்டுவருவது அதன் நோக்கமல்ல என்று சொல்லியிருக்கிறது. 2022 டிசம்பரில் தமிழகக் காவல் துறைத் தலைமையும், இத்தகைய வழக்குகளில் அவசரப்பட்டுக் கைது செய்ய வேண்டாம் என்று சுற்றறிக்கை அனுப்பியது. இரண்டையும் உங்கள் வழக்கறிஞரிடம் சொல்லுங்கள். வழக்கறிஞர் வைக்க வசதி இல்லையென்றால் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவசமாகத் தருவார்கள். அது சலுகை இல்லை, பையனின் உரிமை.

ஜாமீன் கேளுங்கள். எந்தக் குற்றமானாலும் சிறாருக்கு ஜாமீன் கொடுப்பதுதான் பொது விதி. வெளியே விட்டால் அவனுக்கே ஆபத்து, கெட்ட கூட்டத்தில் சேர்ந்துவிடுவான், நீதி கெட்டுவிடும் என்பது போன்ற காரணம் இருந்தால்தான் மறுக்கலாம், அதையும் எழுதித்தான் மறுக்க வேண்டும். அவன் யார் வீட்டில் இருப்பான், யார் பொறுப்பு என்பதைத் தெளிவாகச் சொல்லத் தயாராகப் போங்கள். நன்னடத்தை அலுவலர் வீட்டுக்கு விசாரிக்க வருவார். அவரிடம் எதையும் மறைக்காதீர்கள்.

வழக்கு எந்தப் பிரிவில் என்று உடனே பாருங்கள். போக்சோவில் சில பிரிவுகளுக்குக் குறைந்தபட்சமே பத்தாண்டு. அப்படியானால் மேலே நான் சொன்ன அந்த மதிப்பீடு உங்கள் மகனுக்கும் நடக்கும், மூன்று மாதத்துக்குள் முடிக்க வேண்டும். குழுமத்தில் உளவியல் படித்தவர் இல்லாவிட்டால் உளவியல் நிபுணரின் உதவியைக் கட்டாயம் பெற வேண்டும் என்று 2022-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அதை வழக்கறிஞர் வலியுறுத்த வேண்டும். குழுமத்திலேயே வழக்கு முடிந்தால், பிற்காலத்தில் வேலைக்கோ படிப்புக்கோ இது தடையாக இருக்கக் கூடாது. பதிவுகளையும் உரிய காலத்துக்குப் பிறகு அழித்துவிட வேண்டும். சட்டத்திலேயே எழுதியிருக்கிறது.

அந்தப் பெண்ணின் வீட்டுக்கு ஆள் அனுப்பாதீர்கள், சமாதானம் பேசக்கூட வேண்டாம். மிரட்டினார்கள் என்று வழக்கு திரும்பிவிடும். அவளைப் பற்றி உங்கள் வீட்டிலும் யாரும் தரக்குறைவாகப் பேசக் கூடாது.

அடுத்த முறை பார்க்கப் போகும்போது பாடப் புத்தகங்களை எடுத்துக்கொண்டு போங்கள். பொதுத்தேர்வு எழுத அனுமதி கேட்டுக் குழுமத்தில் மனுக் கொடுக்கச் சொல்லுங்கள், தேர்வுக்கட்டணம் கட்டியாகிவிட்டதா என்று பள்ளியில் நாளைக்கே விசாரியுங்கள்.