தமிழ்நாட்டுப் படகு கேரளக் கடலில் மீன் பிடிக்கலாமா?

கன்னியாகுமரிப் படகுகள் கேரளக் கடலில் தொழில் செய்வது சட்டப்படி சரியா, கடலுக்கு மாநில எல்லை உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள்.

எனக்கு ஊர் நீரோடி. மேற்குக் கரையில் தமிழ்நாட்டின் கடைசி ஊர். மணலில் கொஞ்சம் நடந்தால் கேரளத்துப் பொழியூர். அக்காவை அங்கேதான் கட்டிக் கொடுத்திருக்கிறோம். எங்களுக்குக் கரையிலேயே எல்லை தெரியாது. ஆனால் சட்டத்துக்குக் கடலிலும் எல்லை உண்டு.

கரையிலிருந்து 12 நாட்டிக்கல் மைல் வரை மீன்பிடிப்பு மாநிலத்தின் அதிகாரம். கேரளத்துக்கு 1980ஆம் ஆண்டுச் சட்டம், தமிழ்நாட்டுக்கு 1983ஆம் ஆண்டுச் சட்டம். கேரளத்தின் 12 மைலுக்குள் வலை போட அந்த மாநில மீன்வளத் துறையின் அனுமதி வேண்டும். அதற்கப்பால் 200 மைல் வரை ஒன்றிய அரசின் பொறுப்பு; அங்கே கேரளக் கடல், தமிழ்நாட்டுக் கடல் என்ற பேச்சே இல்லை. தூத்தூர் பக்கத்து எட்டு ஊர்க்காரர்கள் கொச்சியில் டீசலும் ஐஸும் ஏற்றிக்கொண்டு சுறாவுக்கும் சூரைக்கும் வாரக்கணக்கில் தங்கலுக்கு (கடலிலேயே தங்கி மீன் பிடிக்க) போவது பெரும்பாலும் அந்த ஆழ்கடலுக்குத்தான். அதனால் அவர்கள் யாருடைய கடலையும் திருடவில்லை.

மீன்பிடித் தடைக்காலம் மட்டும் குழப்பும். தமிழ்நாட்டின் மேற்குக் கரையில் ஜூன், ஜூலை என 61 நாள். கேரளத்தில் ட்ராலிங் (கடலடியில் இழுவலை இழுத்துப் பிடிப்பது) தடை 52 நாள். அது தொடங்குவதற்குள் வெளிமாநிலப் படகுகள் கிளம்பிவிட வேண்டும் என்று அங்கே அறிவிப்பார்கள்.

எனக்கு ஆறாத வருத்தம் 12 மைலுக்கு வெளியே நடப்பதைப் பற்றித்தான். வெளிநாட்டுப் படகுகளைக் கட்டுப்படுத்த 1981லேயே சட்டம் வந்தது. நம் படகுகள் அங்கே எப்படி மீன் பிடிக்க வேண்டும் என்பதற்கான தனி விதிகள் 2025 நவம்பரில்தான் வந்தன. 2012 பிப்ரவரியில் இத்தாலியக் கப்பலில் இருந்து சுட்டு இரண்டு மீனவர்களைக் கொன்றார்களே, அவர்களில் ஒருவர் எங்கள் பக்கத்து இரயுமன்துறைக்காரர். இடம் 20 மைல் தாண்டி என்பதால் கேரளப் போலீசுக்கு அதிகாரம் இல்லை, ஒன்றிய அரசுதான் விசாரிக்க வேண்டும் என்று 2013 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. கடைசியில் வழக்கு பன்னாட்டுத் தீர்ப்பாயம் வரை போய், 10 கோடி ரூபாய் இழப்பீட்டோடு 2021இல் இங்கே முடித்து வைக்கப்பட்டது.

அப்புறம் 2017 நவம்பர் கடைசியில் ஒக்கிப் புயல். அதில் என் சித்தப்பா காணாமல் போனார். அவர் போனது கேரளப் பதிவுள்ள படகு, புறப்பட்டது கொச்சியில், ரேஷன் கார்டு தமிழ்நாட்டில். சித்தி ஒரு அலுவலகத்துக்குப் போனால், படகு அந்த மாநிலத்தது, அங்கே கேளுங்கள் என்றார்கள். அங்கே போனால், ஆள் உங்கள் மாநிலம் என்றார்கள். காணாமல் போனவர் ஏழு ஆண்டு கழிந்தால்தான் இறந்தவராகக் கருதப்படுவார் என்பது பழைய சாட்சியச் சட்டத்தின் 108ஆம் பிரிவு. அவ்வளவு காலம் காத்திருக்க வைக்காமல் இரண்டு அரசுகளும் தத்தம் மாநிலக் குடும்பங்களுக்கு 20 லட்சம் ரூபாய் கொடுத்தது உண்மை, அதை மறக்க மாட்டோம். ஆனால் அவர் அந்தப் படகில்தான் ஏறினார் என்று நிரூபிக்கவே எங்களுக்கு மாதக்கணக்கில் ஆனது. படகில் போனவர்களின் பெயர்ப் பட்டியல் கரையில் யாரிடமும் இல்லை. கூடவே ஐஸ் ஏற்றிவிட்டு, காய்ச்சலால் கரையில் நின்றுவிட்ட ஒரு பையன் வந்து சாட்சி சொன்னான்.

உங்கள் வீட்டிலிருந்து யாராவது கொச்சிப் படகில் போவதால் கேட்கிறீர்கள் என்றால், இதை மட்டும் செய்யுங்கள். ஏறுகிற எல்லோருடைய பெயரும் படகின் பதிவு எண்ணும் எழுதிய தாளை ஹார்பரை விட்டுக் கிளம்பும் முன் போட்டோ எடுத்து வீட்டுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள். என் தம்பி இப்போது ஒவ்வொரு தங்கலுக்கும் அனுப்புகிறான்.