எழுதி எழுதிக் களைத்தவர்களுக்கு விளையாட்டு: பினாங்கிலிருந்து கேள்வி பதில்

வானொலி நாடகம், பத்திரிகைத் தொடர், பள்ளி மேடைக்கான எழுத்து எனப் பல வருடம் எழுதியவள் நான். இப்போது எழுதுகிறவர்களைக் கூட்டி வைத்து வார இறுதிகளில் விளையாட வைக்கிறேன். அதைப் பற்றி வந்த கேள்விகளுக்கு வந்த வரிசையிலேயே பதில் எழுதுகிறேன். கதைகளைத் திருத்தித் தரக் கேட்டவர்களுக்கு வேறொரு நாள்.

செபராங் பிறை, தமிழ்ப்பள்ளி ஆசிரியை: அக்கா, பகலெல்லாம் பயிற்சித்தாள், ஆண்டறிக்கை, விழா உரை. இரவில் சிறுகதை எழுத உட்கார்ந்தால் ஒரு வரி கூட வரவில்லை. எழுத்தே பிடிக்காமல் போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது. இதற்கு விளையாட்டு எப்படி மருந்தாகும்?

டீச்சர், முதலில் இது சோம்பல் இல்லை. பர்ன் அவுட் என்று இப்போது எல்லோரும் சொல்வதை 1974லேயே ஃபிராய்டன்பெர்கர் என்ற உளவியலாளர் எழுதி வைத்தார். உலகச் சுகாதார நிறுவனம் 2019இல் அதைத் தன் வகைப்பாட்டில் சேர்த்தபோது மூன்று அடையாளங்களைச் சொன்னது: உடம்பும் மனமும் வற்றிப்போவது, செய்யும் வேலையிலிருந்து மனம் விலகிக் கசந்துபோவது, ‘என்னால் முடியவில்லை’ என்ற எண்ணம் கூடுவது. நோய் என்று அது சொல்லவில்லை. சரியாகக் கையாளப்படாத வேலை அழுத்தத்தின் விளைவு என்றே வைத்தது. நீங்கள் எழுதியதில் இரண்டாவது அடையாளம் தெளிவாகத் தெரிகிறது.

நீங்கள் பகலில் எழுதும் ஒவ்வொரு வரிக்கும் ஒரு தீர்ப்பு காத்திருக்கிறது. தலைமையாசிரியர் பார்ப்பார், பெற்றோர் பார்ப்பார்கள், பிழை வந்தால் உங்கள் பெயர் கெடும். இரவில் சிறுகதை எழுத உட்காரும்போதும் அதே நீதிபதி பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். அவரை வெளியே அனுப்ப எனக்குத் தெரிந்த ஒரே வழி, தீர்ப்புக்கு இடமே இல்லாத ஒன்றைக் கையால் செய்வது.

உங்களுக்கு நான் சொல்வது புள்ளிக் கோலம். தீபாவளிக்குப் பேரங்காடிகளில் போடுகிறார்களே, அந்தப் பெரிய அரிசிக் கோலம் வேண்டாம். அதற்குப் பரிசும் போட்டியும் உண்டு. காலையில் வாசலில் பத்துப் புள்ளி வைத்து, கை போன போக்கில் சிக்கு இழுங்கள். அடுக்குமாடி வீடென்றால் பழைய நாள்காட்டித் தாளின் பின்பக்கம் போதும். வாசல் கோலம் மறுநாள் எப்படியும் அழிந்துவிடும் என்பதுதான் அதன் பெரிய நன்மை. ஒரு மாதம் அப்படிப் போடுங்கள். அந்த மாதம் சிறுகதையைத் தொட வேண்டாம். தொட ஆசை வந்தால் பத்து வரிக்கு மேல் போகாதீர்கள்.

செந்தூல், கணக்காளர், கவிதை எழுதுபவர்: எனக்கு நேர்கோடு கூடப் போட வராது.

நல்லது. 2016இல் அமெரிக்காவில் 39 பேருக்குக் களிமண், வண்ணப் பேனா, வெட்டி ஒட்டும் தாள் கொடுத்து 45 நிமிடம் விட்டுப் பார்த்தார்கள். சுமார் முக்கால்வாசிப் பேருக்குக் கார்டிசால் என்ற அழுத்த ஹார்மோன் குறைந்தது. முன் அனுபவம் இருந்தவர், இல்லாதவர் என்ற வித்தியாசம் அதில் தெரியவில்லை. சிறிய ஆய்வுதான், ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு குழு வைக்கவில்லை. ஆனாலும் தைரியமாகக் களிமண்ணைப் பிசையுங்கள்.

பாயான் லெப்பாஸ், தொழிற்சாலை மேற்பார்வையாளர்: வரைந்ததை முகநூலில் போடலாமா? நாலு பேர் பாராட்டினால் உற்சாகமாக இருக்குமே.

போடாதீர்கள். இதை நான் எல்லோரிடமும் சொல்கிறேன், இங்கேயும் அழுத்திச் சொல்கிறேன்.

1973இல் லெப்பர், கிரீன், நிஸ்பெட் என்ற மூன்று உளவியலாளர்கள் வரைவதில் ஏற்கெனவே ஆசையுள்ள பாலர்பள்ளிப் பிள்ளைகளை மூன்று குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவிடம், ‘வரைந்தால் நல்ல சான்றிதழ் தருவோம்’ என்று முன்கூட்டியே சொன்னார்கள். இன்னொரு குழுவுக்குச் சொல்லாமல், வரைந்து முடித்த பிறகு கொடுத்தார்கள். மூன்றாவதற்கு எதுவும் இல்லை. சில நாள் கழித்து யாரும் சொல்லாமலே பிள்ளைகள் எவ்வளவு நேரம் வரைகிறார்கள் என்று கவனித்தால், பரிசை எதிர்பார்த்து வரைந்த குழு மற்றவர்கள் வரைந்ததில் ஏறக்குறைய பாதி நேரம்தான் வரைந்தது. சொல்லாமல் பரிசு கொடுத்த பிள்ளைகளுக்கு ஆசை குறையவில்லை. ஆசையைக் கெடுத்தது பரிசை எதிர்பார்த்துச் செய்ததுதான்.

லைக் என்பதும் எதிர்பார்த்த பரிசு. நாலு பேர் பாராட்டினால் ஐந்தாவது படத்தை அந்த நாலு பேருக்காக வரைவீர்கள். எழுத்தை அப்படிக் களைப்பாக்கியது போதாதா?

ஆயர் ஈத்தாம், இல்லத்தரசி: எத்தனை நிமிடம்?

அலுக்கும்வரை.

ஜெலுத்தோங், மரபுக் கவிஞர்: போன மாதக் கூட்டத்தில் ஈற்றடி, அதாவது கடைசி அடி, கொடுத்து வெண்பா பாடுவதையும் விளையாட்டுக் கணக்கில் சேர்த்தீர்கள். அது தவறு. யாப்பு ஒரு தவம். சீரோடு சீர் சேரும் விதியான தளை தட்டினால் தட்டியதுதான். அதைக் களிமண்ணோடும் கோலத்தோடும் வைப்பது வெண்பாவுக்கு அவமரியாதை.

ஐயா, உங்கள் கோபத்தில் இருக்கும் பற்றை மதிக்கிறேன். ஆனால் இந்த இடத்தில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

நம் முன்னோர்கள் களைப்பில்லாமல் எழுதியதற்கு ஒரு காரணம், அவர்கள் மொழியோடு விளையாடினார்கள் என்பது. காளமேகம் இரட்டைப் பொருள் வரும்படி பாம்பையும் எள்ளையும் ஒரே பாட்டில் அடைத்தார். சொல்லணிகளைப் பேசும் தண்டியலங்காரம், முன்னிருந்து படித்தாலும் பின்னிருந்து படித்தாலும் ஒன்றாக வரும் மாலைமாற்றுக்கு இலக்கணம் சொல்கிறது. உதடு ஒட்டாத நிரோட்டமும் நம்மிடம் உண்டு. இவற்றால் நேரடிப் பயன் என்ன? ஒன்றும் இல்லை. அந்த இன்பத்துக்காகவே இத்தனை நூற்றாண்டு நின்றிருக்கின்றன. பிரெஞ்சு எழுத்தாளர்கள் 1960இல் ஊலிப்போ என்று குழு கூட்டி, தங்களுக்குத் தாங்களே கட்டுப்பாடு போட்டு எழுதியதை உலகம் வியந்தது. நம்மிடம் அது எப்போதோ இருந்தது.

உங்களுக்கே ஒரு சோதனை. ப, ம, வ மூன்றும் இல்லாமல் நம் ஊரை ஐந்து வரியில் சொல்லுங்கள். பினாங்கு போய்விட்டது, மலேசியா போய்விட்டது, தீவும் படகும் மாமாக் கடையும் போய்விட்டன. ‘கடலோரச் சாலையில் நடந்தேன். காற்று தலையைக் கலைத்தது’ என்று எனக்கு வந்தது. அந்த இரண்டு வரியைத் தேடிய நேரத்தில் என் தலையில் வேறு எந்தக் கவலைக்கும் இடமில்லை.

மீண்டும் ஜெலுத்தோங்: சம்பந்தர் ஒரு பதிகம் முழுவதையும் மாலைமாற்றாகப் பாடினார் என்றால் அது பக்தி. விளையாட்டல்ல.

பக்திதான், மறுக்கவில்லை. விளையாட்டு என்றால் அக்கறை இல்லாதது என்று நீங்கள் எடுத்துக்கொள்வதுதான் நமக்குள் இருக்கும் வேறுபாடு. கம்பர் தம் காப்பியத்தின் முதல் பாட்டிலேயே படைப்பது, காப்பது, அழிப்பது மூன்றையும் இறைவனின் அளவில்லாத விளையாட்டு என்றுதானே வைக்கிறார்? அதைப் படித்து யாரும் உலகத்தை இழிவுபடுத்திவிட்டார் என்று சொல்லவில்லை.

பிரிக்பீல்ட்ஸ், கல்லூரி மாணவர்: இடையில் வருகிறேன் அக்கா. விளையாட்டுதானே, அப்படியானால் தளை தட்டினாலும் பரவாயில்லையா?

தம்பி, இதில் நான் ஐயா பக்கம். கபடியில் கோட்டைத் தாண்டினால் அவுட். அந்தக் கோடு இல்லாவிட்டால் விளையாடவே ருசி இருக்காது. தளை தட்டினால் அடித்துவிட்டு இன்னொரு சொல்லைத் தேடுங்கள், தேடுவதுதான் சுகம். விதி இருக்கட்டும். முடிந்த பாட்டு நன்றாக இருக்கிறதா, எங்கே அனுப்பலாம் என்ற விசாரணை மட்டும் வேண்டாம்.

மூன்றாம் முறை ஜெலுத்தோங்: விசாரணை வேண்டாம் என்றால் ஒப்புக்கொள்கிறேன். என் ஆசிரியரும் பயிற்சிப் பாடல்களைக் கிழித்துப் போடச் சொல்வார்.

உங்கள் ஆசிரியருக்கு என் வணக்கம் ஐயா.

செத்தாப்பாக், பகுதிநேர வசன மொழிபெயர்ப்பாளர்: வாரம் ஏழு நாளும் வேலை. ஒரு நிறுவனம் மூன்று மாதமாகப் பணம் தரவில்லை. நானும் கோலம் போடட்டுமா?

வேண்டாம். உங்களுக்குத் தேவை பணமும் ஒரு நாள் விடுப்பும். பர்ன் அவுட்டை அதிகம் ஆராய்ந்த கிறிஸ்டினா மாஸ்லாக் அதன் வேர்களை வேலைச்சுமை, சுதந்திரம், ஊதியமும் மதிப்பும், சக மனிதர்கள், நியாயம், விழுமியம் என்ற ஆறு இடங்களில் தேடச் சொல்கிறார். உங்கள் கடிதத்தில் குறைந்தது மூன்று கெட்டிருக்கிறது. அந்த நிறுவனத்துக்குப் புதிய வேலை செய்வதை இன்றே நிறுத்துங்கள். நிலுவையை எழுத்தில் கேளுங்கள். எழுதுகிறவர்களின் களைப்புக்கு விளையாட்டைப் பதிலாகச் சொல்லிவிட்டு, சம்பளத்தைப் பற்றிப் பேசாமல் இருக்கிறவர்கள் மேல் எனக்குக் கோபம் உண்டு.

பெயர் வேண்டாம்: ஒரு மாதமாகத் தூக்கம் இல்லை. காரணமில்லாமல் அழுகை வருகிறது. எந்த விளையாட்டு நல்லது?

அம்மா, இது என் எல்லைக்கு வெளியே. நாளைக் காலையிலேயே பக்கத்து அரசாங்கச் சுகாதார நிலையத்துக்கு (கிளினிக் கெசிஹாத்தான்) போய் டாக்டரிடம் இதே இரண்டு வரியைச் சொல்லுங்கள். குடிமக்களுக்குக் கட்டணம் 1 ரிங்கிட்தான். தனியாகப் போகத் தயக்கமாக இருந்தால் வீட்டில் ஒருவரை அழைத்துப் போங்கள்.

புக்கிட் மெர்தாஜாம்: இன்ஸ்டாகிராமில் போடலாமா?

பாயான் லெப்பாஸ்காரருக்கு எழுதியதைப் படியுங்கள்.

பத்து மலை, நாவலாசிரியர்: விளையாடினால் நின்றுபோன நாவல் நகருமா?

நகரக்கூடும். ஒரு சிக்கலைக் கொஞ்சம் கிடப்பில் போட்டால் விடை தானாக மேலே வரும் என்று கிரகாம் வாலஸ் 1926லேயே எழுதினார். நடந்துகொண்டே யோசிக்கிறவர்களுக்குப் புதுப்புது யோசனைகள் அதிகம் வருவதை 2014இல் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் காட்டினார்கள். தாகூர் கையெழுத்துப் படியில் அடித்த சொற்களையெல்லாம் கோட்டால் இணைத்துப் பறவையும் மிருகமுமாக ஆக்கிக்கொண்டிருந்தார். அறுபது வயதுக்கு மேல் அந்தக் கிறுக்கல் ஓவியமாகி, 1930இல் பாரிஸ்வரை கண்காட்சிக்குப் போனது. அவர் கண்காட்சியை மனதில் வைத்து அடித்தல் திருத்தல் செய்யவில்லை. நீங்களும் நாவலுக்காக விளையாட வேண்டாம். கேட்டால் வராது.

தஞ்சோங் பூங்கா: டிக்டாக்?

இல்லை. மேலே படியுங்கள். இதோடு இந்தக் கேள்விக்குப் பதில் எழுத மாட்டேன்.

கெப்போங், இரண்டு பிள்ளைகளின் தாய்: தனியாக நேரமே இல்லை. பிள்ளைகளோடு சேர்ந்து விளையாடினால் கணக்கில் வருமா?

வரும், அதுதான் எல்லாவற்றிலும் சிறந்தது. ஆளுக்கொரு வாக்கியமாக ஒரு கதையைச் சொல்லிக்கொண்டு போங்கள். பிள்ளை யானையை ரயிலில் ஏற்றினால் ‘அது எப்படி’ என்று கேட்காதீர்கள்; டிக்கெட் வாங்கிக் கொடுங்கள். சொற்பிழையை மட்டும் அந்த நேரத்தில் திருத்த வேண்டாம்.

பிரிக்பீல்ட்ஸ் மாணவர் மீண்டும்: எனக்கும் ஒரு ஈற்றடி கொடுங்கள் அக்கா.

‘மழையும் குடையும் மறந்து.’ கடைசிச் சீரான ‘மறந்து’, ‘பிறப்பு’ என்ற வாய்பாட்டின் ஓசையில் வருகிறது. முன்னால் வரும் மூன்று அடியும் உங்கள் பொறுப்பு. தளை பார்க்கச் சிரமமாக இருந்தால் ஜெலுத்தோங் ஐயாவைக் கேளுங்கள், பொறுமையாகச் சொல்லிக் கொடுப்பார்.